பரீட்சைக்கு வைத்த கால்

எர்வின் கபின்ஸ்கி முப்பத்தோரு வருடம் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மில்வாக்கியின் தெற்குப் பகுதி முழுக்க நடந்தவர். 1986 இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே காலைக் காட்ட எங்கள் கல்லூரிக்கு வந்தார். மாணவர்கள் கையால் வைத்தியம் என்பதால் எங்களிடம் கட்டணம் பாதிதான். அவர் பெயரை எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னது நான்தான். நான் பெர்னிஸ். அந்தக் கல்லூரியின் வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கல்லூரியில் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டும் வைத்தியம் சொல்லித்தருவார்கள். உடம்பில் உள்ள எலும்புகளில் கால்வாசி காலில்தான் இருக்கிறது என்பது முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லப்படும் வாக்கியம். அடுத்த நான்கு வருடமும் அதையே வெவ்வேறு குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மீதி முக்கால்வாசியைப் பற்றிப் பேச்சு வந்தால் பேராசிரியர்களின் முகம் சுருங்கிவிடும். கல்யாண வீட்டில் யாராவது “நீங்க நிஜ டாக்டரா?” என்று கேட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்க அவர்களிடம் விடுப்புக் கேட்க முடியாது. கணுக்கால் எங்கே முடிகிறது என்பதைக்கூட எலும்பு தீர்மானிப்பதில்லை, மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது. ஒரு மாநிலத்தில் கணுக்காலில் கத்தி வைக்கலாம். எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போனால் வைக்கக்கூடாது. அதனால் எங்கள் மாணவர்கள் வேலை தேடும்போதும் பெண் தேடும்போதும் தேசப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடினார்கள்.

எர்வினை ஒரு மூன்றாம் வருட மாணவனிடம் அனுப்பினேன். காலுறையைக் கழற்றிப் பார்த்தவன் வெளியே போய் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த நால்வரில் ஒருவன் ஓடிப்போய் மருத்துவப் பிரிவுத் தலைவர் டாக்டர் ரிங்ஸ்டாட்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரிங்ஸ்டாட் உயரமான மனிதர், நார்வேக்காரர் வம்சம், சிரித்தால் செலவாகிவிடும் என்பது போல் இருப்பவர். அவர் எர்வினின் பாதங்களைப் பார்த்த பார்வையை நான் வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் பாதிரியார் பூசையில் அப்பத்தைத் தூக்கும்போது அப்படித்தான் பார்ப்பார்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற அத்தனையும் அந்த ஒரு ஜோடியில் இருந்தது. பெருவிரல் மூட்டுப் புடைத்து விரல் உள்ளே சாய்ந்திருந்தது. இடது பாதம் தட்டை, வலது பாதம் வில். இரண்டாம் விரல் கொக்கி மாதிரி வளைந்து அதன் முதுகில் கால் ஆணி. குதிகாலில் எலும்பு முள். வலது உள்ளங்காலின் முன்பக்கத்தில் ஒரு காய்ப்பு, அரை டாலர் காசு அளவு, பழைய சீஸ் போல மஞ்சளாக.

“வலிக்குதா?” என்று ரிங்ஸ்டாட் கேட்டார்.

“வலிக்காமலா வந்திருக்கேன்? எப்பச் சரி பண்ணுவீங்க?”

ரிங்ஸ்டாட் நேராக முதல்வரைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் கல்லூரி முதல்வரின் அறைக்கு எர்வினை வரச்சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மணிக்குப் பதினொரு டாலர், வண்டி நிறுத்தத் தனி இடம், வருடத்துக்கு ஒரு ஜோடி காலுறை. அதற்குப் பதிலாக எர்வின் மாணவர்கள் முன்னால் மேசையில் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும், பயிற்சிக்கும் பரீட்சைக்கும். காகிதத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. வேறெங்கும் வைத்தியம் செய்துகொள்ளக்கூடாது, சரிசெய்யும் செருப்பு அணியக்கூடாது, காய்ப்பைச் சீவக்கூடாது.

அதாவது குணமாகாமல் இருப்பதற்குச் சம்பளம். எர்வின் கையெழுத்துப் போட்டார்.

அவர் மனைவி லொரேன் ஒரு தொத்திறைச்சிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவள். விஷயத்தைக் கேட்டதும் என்னிடம் சொன்னாள். “முப்பது வருஷமா அந்தக் காலை மடியில போட்டுத் தேய்ச்சுவிட்டிருக்கேன் பெர்னி. ஒருத்தன் எனக்குப் பத்து பைசா குடுக்கலை. இவருக்கு நீட்டிக்கிட்டு உக்காந்தா காசாம்.”

முதல் வருடம் எர்வின் கூச்சப்பட்டார். இரண்டாம் வருடம் கூச்சம் போனது. மூன்றாம் வருடம் மேசை கொஞ்சம் உயரம் குறைவு என்று புகார் கொடுத்தார். லத்தீன் பெயர்கள் அவர் வாயில் எங்கள் மாணவர்களைவிடச் சுத்தமாக வந்தன. வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குத் தேவாலயக் கூடத்துக்கு வந்தால், தட்டில் உருளைக்கிழங்கு அப்பம் ஆறும்வரை தன் கால் பெருவிரலைப் பற்றிப் பேசுவார்.

“டேய் எர்வி,” என்பான் அவரோடு பவுலிங் விளையாடும் ஹூபர்ட், “நாங்க இங்க மீன் தின்னுக்கிட்டு இருக்கோம்.”

“உனக்குப் பொறாமை. உன் காலுல என்னடா இருக்கு? ஒண்ணுமில்லை. சாதாரணக் கால்.”

“என் காலு நடக்குதுடா. அது போதும் எனக்கு.”

“நடக்கிறதுன்னா எல்லாக் காலும் நடக்கும்,” என்றார் எர்வின். அந்தப் பேச்சில் நிஜமான இரக்கம் இருந்தது.

மாணவர்களுக்கு எர்வின் வரம். பாதி வருடம் படித்தால் தெரிய வேண்டியதை ஒன்பது பக்கத்தில் யாரோ எழுதி வைத்தார்கள். அதற்கு ‘எர்வின் தாள்’ என்று பெயர். மூத்தவர்கள் இளையவர்களுக்கு நகலெடுத்துக் கொடுப்பார்கள். இடது பாதம் என்றால் இன்ன ஐந்து விடை, வலது பாதம் என்றால் இன்ன ஏழு விடை. நகலெடுக்கும் இயந்திரம் என் மேசைக்குப் பின்னால்தான் இருந்தது, எனக்கு எல்லாம் தெரியும். தாளில் மறந்துபோனதை எர்வினே நினைவுபடுத்துவார். கை சூடாக இருக்கிற, வணக்கம் சொல்கிற மாணவன் தடுமாறினால் அந்த விரல் லேசாக அசையும். குளிர்ந்த கையோடு வந்து தொடுகிறவனுக்கு எந்த விரலும் அசையாது. இரண்டு மூன்று பேர் அவருக்குக் கிரிங்கிள் என்ற இனிப்பு ரொட்டி வாங்கிவந்து கொடுத்ததும் எனக்குத் தெரியும். வாதுமைப் பருப்பு வைத்தது அவருக்குப் பிடிக்கும்.

இப்படிப் பன்னிரண்டு வகுப்புகள் தேறி வெளியே போயின. எங்கள் தேர்ச்சி விகிதத்தைப் பற்றி முதல்வர் மாநாடுகளில் பேசினார். வெளியே போனவர்களின் கதை வேறு. நெப்ராஸ்காவில் கடைபோட்ட ஒருவர் ஒன்பது வயது நடனக்காரச் சிறுமிக்கு முப்பத்தோரு வருடத் தபால்காரரின் ஐந்து நோய்களையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவளுடைய தாய் எங்களுக்குக் கடிதம் போட்டாள். பாவம், அவர் கண்ட ஒரே கால் எர்வினின் கால். உலகத்தில் வேறு மாதிரிக் கால்கள் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வருடா வருடம் எர்வினின் உடல்நிலைப் படிவத்தை நான் டைப் அடிக்க வேண்டும். “ஏதாவது மாறியிருக்கா எர்வின்?” என்று கேட்பேன். “என்ன மாறப்போகுது?” என்பார். ‘மாற்றம் இல்லை’ என்று அடிப்பேன். நாலைந்து வருடம் போனபின் கேட்பதையும் விட்டுவிட்டேன். பழைய தாளைப் பார்த்து அப்படியே அடித்து, தேதியை மட்டும் மாற்றினேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால் நியாயமாகாது.

மாறியிருந்தது. 1994இல் அவருடைய குடும்ப வைத்தியர் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்து, “பாதத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது யார்கிட்டயாவது காட்டுங்க,” என்றாராம். அதற்கு எர்வின் சிரித்ததை லொரேன் பிறகு சொன்னாள்.

“என் காலை வருஷத்துக்கு நாப்பது பேர் பாக்கறாங்க டாக்டர். அதுல மூணு பேர் பேராசிரியருங்க.”

கல்லூரியில் அவர் வாயைத் திறக்கவில்லை. சர்க்கரை என்றால் நோயாளி என்று ஆகிவிடும், நோயாளி என்றால் வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்தார்.

நில்சா இரிசாரி எங்களிடம் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பியூர்ட்டோ ரீக்கோக் குடும்பம், எர்வின் தபால் போட்ட அதே தெற்குப் பகுதி. ஏழு வருடம் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தவள், படிக்கும்போதும் சாயங்காலம் அங்கேதான் போவாள். அதனால் மாணவர்கள் கூட்டமாகப் படிக்கிற நேரத்தில் அவள் யாருடைய குதிகாலையோ கருப்பு ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருப்பாள். எர்வின் தாள் அவள் கைக்கு வரவே இல்லை. யாரும் ஒளித்து வைக்கவில்லை, அவள் கேட்கவில்லை, அவர்களுக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. கல்லூரியில் அது அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் சொல்வதை அவள் பத்து நிமிடம் எடுத்துச் சொல்வாள். மந்தம் என்று ரிங்ஸ்டாட் குறித்து வைத்திருந்தார்.

1998 ஏப்ரலில் செயல்முறைப் பரீட்சை. ஆளுக்குப் பத்து நிமிடம். எர்வின் மேசையில், ரிங்ஸ்டாட் நாற்காலியில் சரியான விடைகள் அச்சிட்ட விடைத்தாளோடு, நான் மூலையில் கடிகாரமும் மணியுமாக. பெயர் வரிசைப்படி உள்ளே வர வேண்டும். நில்சாவுக்கு முன்னால் பதின்மூன்று பேர் வந்து பன்னிரண்டு விடைகளையும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் காலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். முழு மதிப்பெண்.

நில்சா உள்ளே வந்து, “வணக்கம் மிஸ்டர் கபின்ஸ்கி,” என்றாள். கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். எர்வின் திருப்தியாக விரல்களை விரித்தார். அவள் காலைத் தொடவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் இருந்த அவருடைய ஷூவை எடுத்து உள்ளே கையை விட்டாள்.

“பாதம் மேல இருக்கு, மிஸ் இரிசாரி,” என்றார் ரிங்ஸ்டாட்.

“தெரியும் டாக்டர். கடைப் பழக்கம்.”

உள்ளே இருந்த மெத்தைத் தகட்டை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முன்பக்கத்தில் காய்ந்துபோன பழுப்புக் கறை, ஒரு நாணயம் அளவு.

“இது என்ன சார்?” என்று எர்வினிடம் கேட்டாள்.

“காப்பி கொட்டியிருக்கும்.”

“ஷூவுக்குள்ளயா?”

எர்வின் தோளைக் குலுக்கினார். ரிங்ஸ்டாட் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் சட்டைப் பையிலிருந்து நைலான் இழையை எடுத்தாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று, காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. உள்ளங்காலில் பத்து இடம். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் ஆமா சொல்ல வேண்டும்.

எர்வின் கண்ணை மூடினார். அவள் தொட்டாள்.

“ஆமா.”

அடுத்த இடம்.

“ஆமா.”

மூன்றாவது இடத்துக்கு முன் அவள் கை நின்றது. இழையைக் காற்றில் பிடித்தபடி காத்திருந்தாள்.

“ஆமா,” என்றார் எர்வின்.

அவள் நகரவில்லை.

“ஆமா,” என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும், “ஆமா.” பன்னிரண்டு வருடம் கேட்டுக் கேட்டுத் தாளம் பழகிப்போயிருந்தது. பத்து முறை சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்து, நல்ல பிள்ளைபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்த்தேன். ரிங்ஸ்டாட் பார்க்கவில்லை, விடைத்தாளில் ‘உணர்ச்சி: சரி’ என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“கண்டதைச் சொல்லுங்க.”

“வலது பாதத்துல உணர்ச்சி இல்லை டாக்டர். இந்தக் காய்ப்புக்கு அடியில புண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். சீவிப் பார்க்கணும்.”

“அதைச் சீவக்கூடாது.”

“ஏன்?”

“அது பரீட்சைக்கு வச்சது. உங்களுக்குப் பின்னால இருபத்திநாலு பேர் நிக்கிறாங்க. அவங்களுக்கும் காய்ப்பு வேணாமா?”

“புண்ணு இருந்தா டாக்டர்?”

“விடைத்தாள்ல அப்படி எதுவும் இல்லை.”

“அது காலுல இருக்கு,” என்றாள் நில்சா. சண்டைக்கான குரல் இல்லை, செருப்பு அளவு சொல்கிற குரல்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது. மணி என் கையில் இருந்தது, அடித்தேன். அவள் ஷூவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனாள். ரிங்ஸ்டாட் தாளில் சுழியம் போட்டு அதன் கீழே ஒரு கோடு இழுத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?” என்று எர்வின் கேட்டார். “கை நல்லா இதமா இருந்தது. நான் விரலைக்கூட ஆட்டிக் காட்டினேன்.”

ரிங்ஸ்டாட் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்த மாணவன் வந்தான். யான்சன் என்று பெயர், எர்வின் தாளை மனப்பாடமாக வைத்திருப்பவன். காலைப் பார்த்து விடைகளைச் சொன்னான், பிறகு இழையை எடுத்தான். எர்வின் கண்ணை மூடினார். “ஆமா,” என்றார். “ஆமா.” அப்புறம் தாளத்தை நிறுத்திவிட்டு, நிஜமாகவே தொடுவது தெரிகிறதா என்று காத்திருந்தார். கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். இழை வளையும் அளவுக்கு யான்சன் அவருடைய உள்ளங்காலில் அழுத்திக்கொண்டிருந்தான்.

“எத்தனாவது இடம் இது?” என்றார் எர்வின்.

“ஏழாவது சார்.”

“ஏழா?”

கண்ணை மூடாமல் அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யான்சன் எட்டாவது இடத்தைத் தொட்டான், ஒன்பதாவதைத் தொட்டான். எர்வின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று வந்தது. வேறொருவர் காலைப் பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார்.

“பெர்னி,” என்றார், “மணியை அடி.”

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு எர்வின்.”

“அடிச்சுத் தொலை.”

அடித்தேன். அவர் மேசையிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு கதவைத் திறந்துகொண்டு நடைவழிக்குப் போனார். பரீட்சைக்குக் காத்திருந்த மாணவர்கள் பரீட்சையே நடந்து வருவதைப் பார்த்து விலகி நின்றார்கள். நடைவழிக் கோடியில் நில்சா பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டித் துண்டைத் தின்றுகொண்டிருந்தாள், கடைக்குப் போக நேரமாகிவிட்டது. எர்வின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி அவள் மடியில் போட்டார்.

“வெட்டிப் பாரு டாக்டரம்மா.”

“நான் இன்னும் டாக்டர் ஆகலை சார். யாராவது பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடாம நான் தொடக்கூடாது.”

“எனக்குச் சர்க்கரை இருக்கு,” என்றார் எர்வின். “நாலு வருஷமா. யார்கிட்டயும் சொல்லலை.”

எர்வினுக்குப் பின்னாலேயே என்னோடு வந்த ரிங்ஸ்டாட் அதைக் கேட்டார். நடைவழியில் முப்பது பேர் நின்றிருந்தோம். ரிங்ஸ்டாட்டைப் பற்றி நான் நல்லதாக அதிகம் சொன்னதில்லை. இதைச் சொல்ல வேண்டும். அவர் தன் நல்ல கால்சட்டையோடு அந்தத் தரையில் மண்டியிட்டார். கையுறையும் கத்தியும் கேட்டார், யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வருடம் ஒப்பந்தம் போட்டுக் காப்பாற்றிய காய்ப்பை மெல்லிய மெல்லிய ஏடாகச் சீவினார். நான்காவது ஏட்டில் நிறம் மாறியது. ஐந்தாவதில் சீழ் வந்தது. மழுங்கிய கம்பியை உள்ளே விட்டார். ஏதோ கடினமானதில் அது இடித்த சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

“எலும்பு,” என்றார் ரிங்ஸ்டாட்.

எர்வின் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வலிக்கவே இல்லையே,” என்றார் மெதுவாக. “வலிச்சிருந்தா சொல்லியிருப்பேனே.”

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் விரலையும் அதற்குப் பின்னால் இருந்த எலும்பின் தலையையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் எலும்பு டாக்டர், எங்கள் ஆள் இல்லை. அன்று பணியில் இருந்தது அவர்தான். எர்வினுடைய விரல் போனதைக் கல்லூரி தாங்கிக்கொண்டது. எலும்பு டாக்டர் எடுத்தார் என்பதைத் தாங்கவில்லை. முதல்வர் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, அந்த விரல் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்குமா, பாடத்துக்காக அதைக் கேட்டு வாங்க முடியுமா என்று விசாரிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த லொரேனிடம் விசாரித்தேன்.

“உங்க முதல்வர்கிட்ட சொல்லு பெர்னி,” என்றாள், “மீதி ஒன்பதும் அவருக்கு வேணுமான்னு நான் கேட்டேன்னு.”

இதற்கிடையில் நில்சாவின் சுழியம் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். மூன்று முறை கூடினார்கள், நான்தான் குறிப்பெடுத்தேன். முதல் கூட்டத்தில் விடைத்தாள் தப்பா சரியா என்று பேசினார்கள். விடைத்தாள் ஜனவரியில் அச்சானது, ஜனவரியில் அது சரியாக இருந்திருக்கலாம், எனவே தப்பு விடைத்தாளில் இல்லை, காலில்தான் என்று முடிவானது. இரண்டாம் கூட்டத்தில் காலைக் கண்டித்து எதுவும் எழுத முடியாது என்று வக்கீல் சொன்னார். மூன்றாம் கூட்டத்தில் அந்தக் கேள்வியையே செல்லாததாக அறிவித்தார்கள். செல்லாத கேள்விக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் தருவது விதி. ஆகவே உணர்ச்சி சரி என்று சொன்ன பதின்மூன்று பேருக்கும், பாதிச் சோதனையில் மணியடித்து நின்ற யான்சனுக்கும், இன்னும் உள்ளே போகாத இருபத்துமூன்று பேருக்கும், நில்சாவுக்கும் ஒரே மதிப்பெண். நில்சாவுக்கு மட்டும் அதில் இரண்டு கழித்தார்கள், பாதத்துக்கு முன்னால் ஷூவைத் தொட்டதற்காக.

முடிவுக் காகிதத்தை அவளிடம் நான் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். பிறகு என் மேசையில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“பெர்னிஸ் அக்கா, எங்க கடையில ஒரு ஆள் வருவான். சின்ன ஷூவைப் போட்டுப் பார்த்துட்டு, காலு பெரிசா இருக்கு, வேற காலு இருக்கான்னு கேப்பான். அவனை இங்க பேராசிரியரா போட்டுடலாம்.”

அவள் அந்த வருடம் தேறிப்போனாள். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு மூன்றாவது விருப்பமாக எழுதிய இடம்தான் கிடைத்தது, கணுக்காலைத் தொடக்கூடாத மாநிலத்தில். “பரவாயில்லை,” என்றாள், “பாதத்துலயே நிறைய இருக்கு.”

எர்வினுக்குக் கல்லூரி ஒரு பழக்கூடையும் ஒரு கடிதமும் அனுப்பியது. அவருடைய பாதம் இனிமேல் பொதுவான பாதங்களைப் பிரதிபலிக்காது என்பதால் அவருடைய சேவையை முடித்துக்கொள்வதாக எழுதியிருந்தது. வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்கும் தாளும் கூடவே இருந்தது. லொரேன் கூடையை வைத்துக்கொண்டு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முதல்வரைப் பார்க்கப் போனாள். அரைமணி நேரத்தில் வெளியே வந்தாள். உயிருள்ளவரை இரண்டு பேருக்கும் கால் வைத்தியம் இலவசம், செருப்பு உட்பட, அதுவும் மாணவர் இல்லை, பேராசிரியர் கையால். அவள் கேட்டது அவ்வளவுதான். முதல்வர் இன்னும் பெரிதாக எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது, நன்றி சொன்னாராம்.

இப்படித்தான் எர்வின் பன்னிரண்டு வருடம் கழித்து எங்களிடம் நோயாளியாக வந்தார். ரிங்ஸ்டாட்டே பார்த்தார். பெருவிரல் மூட்டைச் சரிசெய்தார், இடது காலில் மிஞ்சியிருந்த ஆணியை எடுத்தார், அச்செடுத்து உள்மெத்தை செய்துகொடுத்தார். கோடை முடிவதற்குள் எர்வின் வலியில்லாமல் நடந்தார்.

மனிதர் உடைந்துபோனார். மீன் விருந்துக்கு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார். “எப்படி இருக்கு எர்வின்?” என்று கேட்டால், “நல்லாதான் இருக்கு,” என்பார், யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல. ஹூபர்ட் ஒருநாள் அவரைச் சீண்டினான்.

“வாடா சாதாரணக் காலு.”

எர்வின் திரும்பத் திட்டவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஹூபர்ட் அவர் வீட்டுக்குப் போய், தன் பெருவிரல் நகம் உள்ளே வளர்ந்து சதையில் குத்துகிறது, என்னவென்று பார் என்று காலுறையைக் கழற்றினானாம். எர்வின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தாராம். அதன் பிறகு கொஞ்சம் தேறினார். தெருவில் யாருக்குக் கால் வலித்தாலும் அவரிடம் போனார்கள். அவர் ஒரு வைத்தியமும் சொல்லமாட்டார். ஷூவைக் கழற்றச் சொல்லி உள்ளே கையை விட்டுப் பார்ப்பார், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பார், இருந்தால் எங்களிடம் அனுப்புவார். ஒரே வருடத்தில் பதினேழு பேரை அனுப்பினார். அந்தப் பதினேழு பேருக்கும் பதினேழு விதமான கால். எங்கள் மாணவர்களுக்குத் தலை சுற்றியது.

2007இல் இதயம் நின்று இறந்துபோனார். கால் காரணம் இல்லை.

இறுதி மரியாதைக்குச் சவ அடக்க நிலையத்துக்கு ஆறு மாநிலங்களிலிருந்து கால் டாக்டர்கள் வந்தார்கள், நாற்பத்தொரு பேர். நான் எண்ணினேன். ரிங்ஸ்டாட் கைத்தடியோடு வந்திருந்தார். நில்சா கணவனோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தாள். நெப்ராஸ்காக்காரரும் வந்திருந்தார். பெட்டி வழக்கம்போல மேல் பாதி திறந்திருந்தது, எர்வின் நீலக் கோட்டும் அதில் குத்திய தபால் துறைச் சின்னமுமாகப் படுத்திருந்தார். கீழ்ப் பாதி மூடியிருந்தது. டாக்டர்கள் வரிசையில் வந்து, முகத்தைப் பார்த்து, சிலுவைக் குறி போட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு கணம் பெட்டியின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அடுத்தவர் கவனித்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கருப்பு உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லொரேன் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடு பெர்னி. கேட்டாலும் கேப்பாங்க.”

“யாரும் கேக்கமாட்டாங்க லொரேன்.”

“ஒருத்தன் கேட்டுட்டான்,” என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. எழுந்துபோய் வரிசையைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினேன், கூடத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் காப்பியும் தயாராக இருந்தன.